கிரேக்க உரோமர் வழிச்செலவு

செலவு என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. ஓரிடத்தினின்றும் பிறிதோரிடத்திற்குச் செல்லுதல் ஒன்று. கைப்பொருள் கழிதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று பிரியாதன என்பதை வழிநடந்தார் எவரும் அறிவர். பண்டை மேனாட்டுச் சரித்திரங் கற்கும் மாணவர் உரோமர் இட்ட நெடுஞ்சாலைகளையும், அவை அமைக்கப்பெற்ற திறத்தையும் வியந்து படிக்கின்றனர். ஆயின், அச்சாலைகளின்மீது சென்றவர் யாவர், அச்செலவின் சுமையைத் தாங்கினவர் யாவர் என்று வினாவுவோர் சிலரே. கிரேக்கரும் உரோமரும் நிலத்தினும் நீரினும் எவ்வாறு பிரயாணஞ் செய்தனர் என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறி, அவ்விரு வினாக்களுக்குங் கிடைக்கும் விடையை ஆராய்வாம்.

கிரேக்கர்

கிரேக்க நாடு மலைகள் செறிந்தது. ஊருக்கும் ஊருக்கும் இடையே குன்றுங் கணவாயுங் குறுக்கிடுதலின், அந்நாட்டார் நெடுந்தூரஞ் செல்லுதற்குக் கடலையே பெரிதும் நாடினர். நிலவழிகளிற் பெரும்பாலன மேடுபள்ளமான பாதைகளே. சில இடங்களில் மாத்திரம் வண்டிச்சக்கரம் வழுவாது ஓடும்பொருட்டுப் பாறையிற் சுவடுகள் வெட்டப்பட்டிருந்தன. கொரிந்து நகரத்தார் கி. மு. 600-ஆம் ஆண்டை ஒட்டித் தம் நாட்டின் குறுகிய நிலவிணைப்பிற் கல் பாவிய தடமொன்று அமைத்து, மரக்கலங்களை ஒரு கடலினின்று மற்றொரு கடலுக்கு நிலத்தின்மீதே இழுத்துச் சென்றனர். தென்கோடி முனையைச் சுற்றிச் செல்லும் அபாயமான வழி இதனாற் குறைந்தது.

மக்களிற் பெரும்பாலார் கால்நடையாகவே சென்றனர். கி. மு. 490-ஆம் ஆண்டிற் பாரசீகர் படையெடுத்தபொழுது, ஏதென்ஸ் நகரத்தாரின் தூதனாகிய பிலிப்பிடிஸ் என்பான், ஏறத்தாழ 150 மைல் தொலைவிலுள்ள ஸ்பார்ட்டாவிற்கு ஓடி, புறப்பட்ட மறுநாளே ஆண்டுச் சேர்ந்தான் என்று ஹெரடோட்டஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதியுள்ளார். இவ்வோட்டம் பயிற்சிபெற்ற தூதனுக்கே இயல்வது. மூட்டை சுமந்து செல்லும் வழிப்போக்கன் நாளொன்றுக்குப் பதினைந்து அல்லது இருபது மைல் நடப்பதே பெரிதாம்.

இங்ஙனம் நடப்பவன் இரவில் எங்கே தங்குவான்? இதற்குக் கிரேக்கர் கண்ட விடை, விருந்தோம்பல் என்னும் அறமேயாம். கிரேக்க மொழியில் அயலானையும் விருந்தினனையும் ஒரே சொல்லாற் குறிப்பர். நம் மொழியிலும் விருந்து என்பது ஆதியிற் புதுமையையும், பின்னர்ப் புதிதாய் வந்தாரையும் உணர்த்திற்று என்பது ஒப்புநோக்கத் தக்கது. வழிப்போக்கரைக் காக்குங் கடவுளென்று தம் பெருந்தெய்வமாகிய ஸியூஸையே கிரேக்கர் கருதினர். ஒருமுறை விருந்துண்ட உறவு இருவர் வாழ்நாளோடு முடிவதன்று. மக்களுக்கும் பேரர்க்கும் உரிமையாய்த் தொடர்வது. ஹோமரின் இலியத் காவியத்தில், போர்க்களத்தில் எதிர்நின்ற கிளாக்கஸ், டியோமீடிஸ் என்னும் வீரர் இருவரும், தம் பாட்டன்மார் ஒருவர்க்கொருவர் விருந்தினராயிருந்தமையை அறிந்து, வேலைத் தாழ்த்திக் கைகொடுத்துக் கவசங்களையும் மாற்றிக்கொண்டனர். பிற்காலத்தார் ஓர் அடையாளப் பொருளை இருகூறாக்கி ஆளுக்கொன்றாய் வைத்துக்கொண்டனர். பல ஆண்டு கழித்து ஒருவன் மகன் மற்றவன் வாயிலிற் சென்று நின்றால், அவ்விரு கூறுகளும் பொருந்துதலே அவனுக்குச் சான்றாயிற்று.

தனிமனிதர் செய்த இவ்வறத்தை நகரங்களும் மேற்கொண்டன. ஒரு நகரத்தார் வேற்றூரில் வாழும் அவ்வூர்க் குடிமகன் ஒருவனைத் தம் மக்களுக்கு விருந்துரிமையாளனாக நியமிப்பர். அவ்வூருக்குச் செல்லுந் தம்மவர்க்கு அவனே துணையாவான். ஒலிம்பியாவில் விழா நிகழுங் காலத்து அங்குச் செல்வோரைத் தடுத்தலாகாதென்று தூதர் எங்கும் அறிவித்தனர்.

பணங்கொடுத்துத் தங்குஞ் சத்திரங்களும் இருந்தன. அவற்றின் பெருமையை அரிஸ்டோபனிஸ் என்னும் நாடகாசிரியர் கி. மு. 405-ஆம் ஆண்டில் அரங்கேற்றிய தவளைகள் என்னும் நாடகத்தால் அறியலாம். அதில் பாதாளத்திற்குப் புறப்படுந் தெய்வம், மூட்டைப்பூச்சி குறைவான சத்திரங்கள் வழியில் எங்குள்ளன என்று முன்னரே கேட்டறிந்து கொள்ளுகின்றது. யாத்திரைத் தலங்களிற் பெரிய விடுதிகள் எழுந்தன. பிணி தீர்க்குந் தலமாகிய எப்பிடாரஸில் இருந்த விடுதி 160 அறைகளைக் கொண்டது. ஆயினும் எல்லா விடுதிகளும் அறத்தினால் எழுந்தன அல்ல. கி. மு. 427-ஆம் ஆண்டிற் பிளாட்டீயா நகரம் பகைவர்க்குப் பணிந்தது. பின்னர்த் தீப்ஸ் நகரத்தார் அதனைத் தரைமட்டமாக்கி, ஹீரா தேவியின் கோயிலருகே பக்கம் 200 அடியுள்ள சதுரமான சத்திரம் ஒன்றை, அழிந்த வீடுகளின் கதவுகளையும் கூரைமரங்களையுங் கொண்டே கட்டினர் என்று தூசிடிடிஸ் கூறுகின்றார். ஓர் ஊரார் இழந்த வீடுகள் பிறர் தங்கும் அறைகளாயின.

உரோமர் சாலைகள்

கி. மு. 312-ஆம் ஆண்டில் அப்பியஸ் கிளாடியஸ் என்னும் அதிகாரி உரோமாபுரியினின்று காப்புவா நகருக்கு இடத் தொடங்கிய சாலை, அவர் பெயராலேயே அப்பியன் சாலை எனப்பட்டது. பின்னர் இது தென்கிழக்குத் துறைமுகமாகிய பிருந்திசியம் வரையில் நீட்டப்பட்டது. அங்குக் கப்பலேறிக் கடல் கடந்தால், மறுகரையில் டிராக்கியம் நகரிற் றொடங்கும் எக்னேசியன் சாலை, தெசலோனிக்கே வழியாகப் பைசாந்தியம் வரையிற் செல்லும். இவ்வாறு பேரரசு முழுவதும் பரந்த பெருஞ்சாலைகளின் நீளம் ஏறத்தாழ 50,000 மைல் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. கிளைவழிகளையுஞ் சேர்ப்பின் இத்தொகை பன்மடங்காகும்.

மைல் என்னுஞ் சொல்லே உரோமர் வழங்கியது. ஆயிரம் இரட்டையடி கொண்டதாதலின் அஃது அப்பெயர் பெற்றது. உரோம மைல் ஏறத்தாழ 1,480 மீட்டர். இக்காலத்து மைலினுஞ் சிறிது குறைந்தது. சாலையோரங்களில் மைற்கற்கள் நாட்டப்பட்டன. கி. மு. 20-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி தலைநகரின் பொதுமன்றத்திற் பொன்மைற்கல் என்னும் தூணொன்றை நிறுவினார்.

இச்சாலைகள் முதன்முதல் வணிகருக்காகவோ யாத்திரிகருக்காகவோ இடப்பட்டன அல்ல. படைகள் விரைந்து செல்லவும், அரசாணைகள் தடையின்றிப் பரவவுமே இடப்பட்டன. ஆதலின் விரைவாய்ச் சென்றவர் யாவரெனப் பார்ப்பின், அவர் அதிகாரமுடையவராகவே இருத்தலைக் காணலாம். ஜூலியஸ் சீசர் வாடகை வண்டியில் நாளொன்றுக்கு நூறு மைல் சென்றார் என்பர். கி. மு. 9-ஆம் ஆண்டில் ஜெர்மானியாவிற் றன் சகோதரன் துரூசஸ் இறக்குந் தறுவாயிலிருந்த செய்தி கேட்ட திபேரியஸ், ஓர் இரவும் பகலுமாக 200 மைல் கடந்ததைப் பிளினி பேரற்புதமாகக் குறித்துள்ளார். அக்காலத்து வண்டிகளுக்கு இரும்பு வில் இல்லை. குதிரையேறுவார்க்கு அங்கவடியும் இல்லை. இத்தகைய விரைவிற்கு ஒரே வழி, களைத்த விலங்குகளை அடிக்கடி விடுத்துப் புதியன பூட்டுதலேயாம்.

அரசாங்க அஞ்சல்

இவ்வாறு விலங்குகளை மாற்றுதற்கு ஓர் ஏற்பாட்டை அகஸ்டஸ் செய்தார். முதலிற் சாலைநெடுகச் சிறுசிறு தொலைவில் இளைஞரை நிறுத்திக் கடிதங்களைக் கைமாற்றச் செய்தார். பின்னர் வண்டிகளை நிறுத்தினார். கடிதத்தோடு ஒரே தூதன் இறுதிவரையிற் செல்லின் அவனை வாய்மொழியாகவும் விசாரிக்கலாம் என்பது இம்மாற்றத்தின் பயன். விலங்கு மாற்றும் நிலைகளும், இரவு தங்கும் விடுதிகளும் நாளடைவில் எங்கும் அமைந்தன.

ஆனால் இவற்றைப் பயன்படுத்த அனுமதிச்சீட்டு வேண்டும். சக்கரவர்த்தியின் பெயரால் அளிக்கப்படும் அச்சீட்டு இல்லாதவன், எத்துணைச் செல்வனாயினும், அரசாங்க வண்டியில் ஏறலாகாது. பிற்காலத்திற் சக்கரவர்த்தியாகிய பெர்த்தினாக்ஸ், இளம் படைத்தலைவனாயிருந்தபொழுது சீட்டின்றி அஞ்சலைப் பயன்படுத்தியமையால், அந்தியோகியாவினின்று தன் அலுவலிடம் வரையிற் கால்நடையாகச் செல்லுமாறு சீரியா நாட்டு ஆளுநராற் றண்டிக்கப்பட்டான் என்று பழைய வாழ்க்கைச் சரிதம் ஒன்று கூறும்.

சின்ன ஆசியாவிற் பித்தினியா நாட்டை ஆண்ட இளைய பிளினிக்கும் டிரேஜன் சக்கரவர்த்திக்கும் கி. பி. 110-ஆம் ஆண்டை அடுத்து நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து இன்றுங் கிடைக்கின்றது. காலங்கடந்த சீட்டுக்களைப் பயன்படுத்தலாமோ என்று பிளினி ஒருமுறை வினாவ, ஒருபொழுதும் ஆகாது எனச் சக்கரவர்த்தி விடையளித்தார். வேறொருமுறை பிளினியின் மனைவியாகிய கல்பூர்னியாவின் பாட்டனார் இத்தாலியில் இறந்தார். துயருற்ற அத்தையைக் காண விரைந்த மனைவிக்குப் பிளினி அரசாங்கச் சீட்டை அளித்துவிட்டு, உத்தரவுக்குக் காத்திருப்பின் காலந் தாழ்க்குமென்று அவ்வாறு செய்ததாகச் சக்கரவர்த்திக்கு எழுதினார். டிரேஜன் அச்செயலை ஏற்றுக்கொண்டார். பேரரசின் உயர்ந்த அதிகாரியொருவரும் தம் மனைவியை ஒருமுறை அனுப்பியதற்குத் தலைநகர்க்கு எழுதி அமைதி கூறவேண்டியிருந்தது. இவ்வளவு கட்டுப்பாடு எதன்பொருட்டு?

சுமை தாங்கினோர்

காரணம் இதுவே: அவ்வண்டிகளும் கோவேறு கழுதைகளும் பெரும்பாலும் வழியிலுள்ள ஊரார் தரவேண்டியனவாயிருந்தன. துருக்கி நாட்டிற் கண்டெடுக்கப்பட்டு 1976-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கல்வெட்டொன்று இதனைத் தெளிவாக்குகின்றது. திபேரியஸ் சக்கரவர்த்தியின் ஆட்சித் தொடக்கத்தில் ஆளுநர் ஒருவர் சாகலாசஸ் நகரத்தாரைக் குறித்து இலத்தீன், கிரேக்கம் என்னும் இரு மொழியினும் வெட்டுவித்த ஆணை அது. அரசாங்க அலுவலாய் வருவோர்க்கு அந்நகரத்தார் பத்து வண்டிகளையும் அத்துணைக் கோவேறு கழுதைகளையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். ஸ்கீனஸ் என்னும் சில மைல் தூரத்திற்கு வண்டி ஒன்றுக்குப் பத்துச் செப்புக்காசும், கோவேறு கழுதை ஒன்றுக்கு நான்கு காசும் கூலி. பத்துக் காசு என்பது அக்காலப் போர்வீரன் ஒருவனின் ஒருநாட் சம்பளமாகும். மந்திராலோசனைச் சபையாருக்குப் பத்து வண்டி, நூற்றுவர்தலைவனுக்கு ஒரு வண்டி எனப் பதவிக்கேற்ற வரம்பும் அதில் உண்டு. தன் இலாபத்திற்காகத் தானியம் முதலியன ஏற்றிச் செல்வோனுக்கு ஒன்றுங் கொடுத்தலாகாது என்றும் எழுதியுள்ளது. இத்தனை விதிகளையுங் கல்லில் வெட்ட நேர்ந்ததினின்றே, விதிகள் மீறப்பட்டு வந்தமை விளங்கும். ஆணையைப் பிறப்பித்த ஆளுநரும், முன்னை விதிகளைச் சிலர் மதியாமையாலேயே தாம் எழுத நேர்ந்தது என்கின்றார்.

இவ்வாறு பிறர் உழைப்பையும் விலங்குகளையும் வலிந்து பெறுதலைக் கிரேக்க மொழியிற் பாரசீகர் அஞ்சலுக்குரிய சொல்லினின்று பிறந்த அங்கரேயா என்னும் பெயரால் வழங்கினர். நம் நாட்டு வெட்டிவேலையைப் போன்றது அது. மலைப்பிரசங்கத்தில், ஒரு மைல் தூரம் வரப் பலவந்தம் பண்ணப்படுபவனைப் பற்றிக் கூறுமிடத்தும், சிரேனே ஊரானாகிய சீமோன் சிலுவை சுமக்கப் பிடிக்கப்பட்ட இடத்தும் மூலமொழியில் வருவது இச்சொல்லினின்று பிறந்த வினையே. அங்குக் கூறப்பட்ட மைலும் உரோம மைலே. அம்மொழியைக் கேட்ட கலிலேயா நாட்டுக் குடியானவர்க்கு அது வெறும் உவமையன்று. சாலையோரத்து அன்றாட நிகழ்ச்சி.

கி. பி. 97-ஆம் ஆண்டில் நெர்வா சக்கரவர்த்தி இத்தாலியரை இச்சுமையினின்று விடுவித்தார். அதனைக் கொண்டாட வெளியிட்ட நாணயத்தில், நுகத்தினின்று அவிழ்க்கப்பட்ட கோவேறு கழுதைகள் புல் மேய்கின்றன. வண்டி பின்னே கிடக்கின்றது. ஆயினும் ஏனை நாடுகளிற் சுமை குறைந்தபாடில்லை. கி. பி. 238-ஆம் ஆண்டில் திரேஸ் நாட்டு ஸ்காப்டோபாரா என்னுஞ் சிற்றூரார் மூன்றாம் கார்டியன் சக்கரவர்த்திக்கு விண்ணப்பம் ஒன்று விடுத்தனர். தம் ஊர் வெந்நீரூற்று உடையது, இரு படைவீடுகளுக்கு இடையே உள்ளது, இரண்டு மைல் தொலைவில் ஆண்டுதோறும் பெருஞ்சந்தை கூடுகின்றது, சந்தைக்கு வருவோரும், வழிவிலகி வரும் போர்வீரரும் தம் வீடுகளிற் புகுந்து, காசு கொடாது உணவும் உறையுளும் கேட்கின்றனர், குடிகள் குறைந்துவிட்டனர், இந்நிலை நீடிப்பின் முன்னோர் வாழ்ந்த மனைகளை விட்டு ஓடுவதன்றி வேறு வழியில்லை என்பது அதன் சாரம். நல்ல சாலையும் நல்ல நீரும் ஓர் ஊர்க்குக் கேடாய் முடிந்த விந்தையை நோக்குமின்! சக்கரவர்த்தியோ, ஆளுநரிடம் முறையிடுக என்று சுருக்கமாய் விடையிறுத்தார்.

கிறிஸ்து சபையாரும் இப்பழிக்கு முற்றும் புறம்பானவரல்லர். கி. பி. 325-ஆம் ஆண்டில் நிசேயா நகரிற் கூடிய சங்கத்திற்கு வரும் அத்தியட்சருக்குக் கான்ஸ்டன்டைன் அரசாங்க அஞ்சலை அளித்தார். அவர் மகன் கான்ஸ்டன்ஷியஸ் காலத்திற் சங்கங்கள் மிகுந்தன. அவற்றிற்குக் கூட்டங்கூட்டமாய் அத்தியட்சர்கள் அரசாங்க விலங்குகளில் ஓடியமையால் அஞ்சலின் வலிமையே குன்றிற்று என்று அம்மியானஸ் மார்செலினஸ் என்னும் சரித்திராசிரியர் குறைகூறியுள்ளார்.

எளிய வழிப்போக்கர்

சீட்டில்லாத எளியவன் தன் காலையே நம்பினான். கையிற் பொருளிருப்பின் கழுதையோ வாடகை வண்டியோ அமர்த்தினான். இத்தாலியில் எசர்னியா என்னும் ஊரிற் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்லிற் சத்திரத்தான் ஒருவன் கணக்குப் பார்க்கும் வேடிக்கை பொறிக்கப்பட்டுள்ளது. அதில் துணைக்கறிக்கு இரண்டு காசு. கோவேறு கழுதையின் வைக்கோலுக்கும் இரண்டு காசு. இக்கழுதையே தன்னைக் கெடுத்துவிடும் என்று வழிப்போக்கன் அங்கலாய்க்கின்றான்.

பெருமக்களோடு சென்றவர்க்கும் வழித்துன்பம் தப்பவில்லை. கி. மு. 37-ஆம் ஆண்டை ஒட்டி உரோமாபுரியினின்று பிருந்திசியம் வரையில் ஏறக்குறைய இரண்டு வாரஞ் சென்ற பிரயாணத்தை ஹோரேஸ் என்னும் புலவர் பாட்டாகப் பாடியுள்ளார். அப்பியுபுரத்தின் கெட்ட நீரால் அவர் வயிறு கலங்கிற்று. அன்றிரவு சதுப்புநிலக் கால்வாயிற் கோவேறு கழுதை இழுக்கும் படகில் ஏறினர். கொசுவும் தவளையும் உறங்கவிடவில்லை. படகோட்டி கழுதையை மேயவிட்டுக் குறட்டைவிட்டு உறங்கினான். விடிந்தபின்னரே படகு நகரவில்லை என்பது தெரிந்தது. ஒருவன் கரையிற் குதித்துக் கழுதையையும் படகோட்டியையும் ஒருங்கே கழியாற் புடைத்தான். மற்றோரூரில் தண்ணீரும் விலைக்கே கிடைத்தது, அப்பமோ நன்று. அடுத்து வரும் கனூசியத்தில் அப்பம் மணல் கலந்திருக்குமாதலின், அறிந்த பிரயாணிகள் இவ்வூரிலேயே வாங்கித் தோளிற் சுமந்து செல்வராம். கட்டுச்சோற்றின் அருமையை அறிந்தவர் நாம் மாத்திரமல்லேம்.

சத்திரத்தாரின் நேர்மையில் எவருக்கும் நம்பிக்கையில்லை. கப்பற்றலைவர், சத்திரக்காரர், கொட்டிலுடையார் ஆகியோர் தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளுக்குப் பொறுப்பாளிகள் என்று உரோமச் சட்டம் தனியே விதித்தது. சிசரோ தம் நூலொன்றிற் கூறுங் கதையும் இதனைக் காட்டும். ஆர்க்கேடியா நாட்டு நண்பர் இருவர் மெகரா நகரை அடைந்தனர். ஒருவன் விருந்துறவினன் வீட்டிலும், மற்றவன் சத்திரத்திலும் தங்கினர். நள்ளிரவில், சத்திரக்காரன் என்னைக் கொல்லப் பார்க்கின்றான், உதவிக்கு வா என்று நண்பன் அழைப்பதாக முன்னவன் கனவு கண்டான். எழுந்து, கனவுதானே என்று மீண்டும் படுத்தான். மறுபடியும் நண்பன் தோன்றி, என்னைக் கொன்று எருவண்டியில் மறைத்துவிட்டான். உயிரோடு காவாத நீ, விடியலில் வாயிலருகே வந்து பழியேனும் வாங்கு என்றான். விடியலிற் சென்று வண்டியை மறிக்க, வண்டிக்காரன் ஓடினான், உடல் அகப்பட்டது, சத்திரக்காரன் தண்டனை அடைந்தான். கனவின் மெய்ம்மையை நாம் ஆராய வேண்டுவதில்லை. விருந்துறவினன் வீட்டிற் றங்கினவன் பிழைத்தான், காசு கொடுத்துத் தங்கினவன் மடிந்தான் என்பதே அக்கதையைக் கேட்டவர் உள்ளத்திற் பதிந்திருக்கும்.

கடல்வழி

கடற்பிரயாணம் பருவத்தைப் பொறுத்தது. மே 27 முதல் செப்டம்பர் 14 வரையிற் கடல் அச்சமற்றது. நவம்பர் 11 முதல் மார்ச்சு 10 வரையிற் கடல் அடைபட்டது என்று வெஜீஷியஸ் என்னும் ஆசிரியர் வரையறுத்துள்ளார். பிரயாணிகளுக்கென்றே கட்டிய கப்பல்கள் இல்லை. சரக்குக் கப்பலில் இடம் பேசி, உணவையும் படுக்கையையும் தாமே கொண்டு ஏறி, மேற்றளத்திற் கிடந்தனர். கோடையிற் காற்று வடமேற்கினின்று வீசுதலின், இத்தாலியினின்று எகிப்துக்கு விரைவிற் செல்லலாம். மீளுதலோ ஒரு மாதத்திற்கு மேற்படும். பவுல் அப்போஸ்தலரை ஏற்றிச் சென்ற அலெக்சந்திரியா நகரத்துக் கப்பலில் 276 பேர் இருந்தனர் என அப்போஸ்தலருடைய நடபடிகள் கூறும். யூத சரித்திராசிரியராகிய யோசேப்பஸ் ஏறிய கப்பலில் ஏறத்தாழ 600 பேர் இருந்தனர். அது மூழ்க, இரவு முழுதும் நீந்தி, மற்றொரு கப்பலால் எடுக்கப்பட்டவர் எண்பதின்மரே.

நம் நாட்டுக்கு வந்த வழியும் ஈண்டுக் குறிக்கத் தக்கது. அலெக்சந்திரியாவினின்று நைல் நதியிற் பன்னிரண்டு நாளில் காப்டஸ் நகரை அடைந்து, அங்கிருந்து ஒட்டகத்தின்மீது, வெப்பத்திற்கஞ்சி இரவிலே நடந்து, மேலும் பன்னிரண்டு நாளிற் செங்கடற்றுறையாகிய பெரனீக்கேயைச் சேர்வர். அரபிக்கரையிலுள்ள ஓசிலிஸ் துறையினின்று பருவக்காற்றில் நாற்பது நாளில் முசிறியை எய்தலாம் என்று மூத்த பிளினி எழுதியுள்ளார். காப்டஸ் வழிக்குக் கி. பி. 90-ஆம் ஆண்டில் விதித்த சுங்கப் பட்டியல் கல்லிற் கிடைத்துளது; மாலுமிக்கு ஐந்து திராக்மா, கைத்தொழிலாளனுக்கு எட்டு, கப்பலின் பாய்மரத்திற்கு இருபது. அவ்வழியில் நம்மவருஞ் சென்றனர் போலும். செங்கடற்கரையிற் குசைர் அல்-காதிம் என்னும் இடத்திற் கண்ட பானையோடுகளிற் கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் பழந்தமிழ் எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன.

விருந்தென்னும் துணை

இவ்வளவுங் கூறியபின், சீட்டும் செல்வமும் இல்லாதார் எதனைத் துணையாகக் கொண்டு நெடுவழி சென்றனர் என்னும் வினா எஞ்சுகின்றது. கிரேக்கர் முன்னர்க் கண்ட விருந்தோம்பலே இதற்கும் விடை. பவுல் கைதியாய்ச் சென்ற அப்பிரயாணமே சான்று. மெலித்தா தீவிற் கப்பலுடைந்து கரையேறினவர்களை அத்தீவார் மழைக்குங் குளிருக்கும் தீமூட்டி ஏற்றனர். தலைவனாகிய புபிலியு மூன்றுநாள் உபசரித்தான். புத்தேயோலியிற் சகோதரர் ஏழுநாள் தங்கவைத்தனர். உரோமாபுரியார் சிலர் அப்பியுபுரம் வரையிலும், சிலர் மூன்று சத்திரம் வரையிலும் நடந்துவந்து எதிர்கொண்டனர். ஹோரேஸ் வயிறு கலங்கி வெறுத்த அதே ஊரில், கைதியாகிய பவுல் அவர்களைக் கண்டு தைரியமடைந்தார். சாலை ஒன்றே; எதிர்கொள்வார் உளராயின் வழி வேறாகின்றது.

விருந்தேற்பார் மேல் வந்த சுமையையும் ஆதிச்சபையார் அறியாதவரல்லர். 1873-ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட பன்னிரு அப்போஸ்தலர் போதனை என்னும் பழைய நூல், வழிப்போக்கனுக்கு இயன்ற உதவி செய்க என்றும், அவன் இரண்டு மூன்று நாளுக்கு மேற் றங்கலாகாது, நிலைத்திருக்க விரும்பின் தொழில் செய்து உண்க என்றும் விதிக்கின்றது. கொடுப்பவன் வலிமையையும் கருதிய விருந்தோம்பல் இது. கி. பி. 370-ஆம் ஆண்டை ஒட்டிப் பசிலியார் என்னும் அத்தியட்சர் கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் புறத்தே, வழிப்போக்கருக்கும் பிணியாளருக்கும் பெரிய இல்லமொன்று கட்டினார். அயலாரை ஏற்கும் இல்லம் என்பதே அத்தகைய நிலையங்களுக்குக் கிரேக்கர் இட்ட பெயர். அவற்றிற்கு அனுமதிச்சீட்டு வேண்டுவதில்லை.

உரோமர் சாலைகள் வியக்கத்தக்கனவே. அவற்றின் கற்களிற் பல இன்றும் அசையாதிருக்கின்றன. எனினும் செலவு என்னும் சொல்லின் இருபொருளையும் ஒருங்கே நோக்குவோமாயின், முதற்பொருளை ஆண்டவர் சீட்டுடையார் என்பதும், இரண்டாம் பொருளைச் சுமந்தவர் சாகலாசஸிலும் ஸ்காப்டோபாராவிலும் வாழ்ந்த பெயரறியாக் குடிகள் என்பதும் புலனாகும். வலிந்து பெற்றபொழுது ஊரைவிட்டு ஓட்டிய அதே உணவும் உறையுளும், மனமுவந்து அளித்தபொழுது பகைவரையும் நண்பராக்கின. படித்து உத்தியோகம் பெற்று ஊர்தோறுஞ் சுற்றும் வாய்ப்பு நம் கல்லூரி மாணவர் பலர்க்குக் கிட்டும். அரசாங்க வண்டியில் அவர் ஓரூரிற் சென்று இறங்கும்போது, முன்னே வைக்கப்பட்ட சோறு எவர் வீட்டு உலையினின்று வந்தது என்று ஒருமுறை கேட்டறிவாராயின், இச்சரித்திரத்தைக் கற்றதன் பயனை அடைந்தவராவர்.